நலம் விசாரிக்க வந்த அண்ணன்

என் மனைவி செல்லக்கிளியின் அண்ணன் முத்திருளனைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் திட்டத்தான் வாய் வரும். ஒன்பது வருடப் பழக்கம் அது. திட்டி முடித்த பிறகு, அவரைப் போல ஒரு நல்ல மனிதரை உசிலம்பட்டியிலிருந்து மதுரை வரைக்கும் நான் பார்த்ததில்லை என்றும் சொல்வேன். இரண்டும் உண்மைதான். நான் டவுன் பஸ் கண்டக்டர். தினமும் ஆயிரம் முகம் பார்க்கிறவன். ஆளை எடைபோடுவதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அந்தத் தலைக்கனம் செய்த வேலையையும் இதில் சொல்லத்தான் போகிறேன்.

அவர்களுடைய ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. மழை பெய்தால் வெள்ளாமை, இல்லாவிட்டால் மாடுதான் கதி. அப்பா இறந்தபோது முத்திருளனுக்குப் பதினாறு வயது, செல்லக்கிளிக்கு எட்டு. அவர் படிப்பை விட்டுவிட்டு மதுரைக்கு வந்து, எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டும் தொழிலைக் கற்றுக்கொண்டார். தங்கச்சியைப் பன்னிரண்டாவது வரைக்கும் படிக்க வைத்தார். அவளுக்கு என்னைப் பார்த்தபோது, என் குணத்தை விசாரிப்பதற்காக நான் போகிற பஸ்ஸிலேயே மூன்று நாள் டிக்கெட் எடுத்துப் பின் சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

"மூணாவது நாளு ஒரு அம்மாச்சியோட கீரைக்கட்ட நீயே தூக்கி எறக்கிவிட்ட மாப்ள. போதும்னு நானும் எறங்கிட்டேன்" என்று கல்யாணத்துக்குப் பிறகு சொன்னார். தங்கச்சிக்காக அப்படி விசாரித்த மனிதர் அவர்.

பசுமலையில் சொந்தமாகக் கடை போட்டதும் வேலை குவிந்தது. வேலையோடு குடியும் வந்தது. வார்னிஷ் வாடையையும் மீறிக் கடையில் அந்த வாடை அடிக்க ஆரம்பித்த காலத்தில், சரிபண்ணக் கொடுத்த மோட்டாரை வாங்க வந்த ஒருவர் அவரை வண்டியூர்ப் பக்கம் இருந்த நிலைவிளக்கு சபைக்குக் கூட்டிப்போனார். அங்கே சிலை கிடையாது. ஒரே ஒரு விளக்கு எரியும். வியாழனும் ஞாயிறும் சாயங்காலம் அதைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள், பிறகு மூத்தவர் என்று ஒருவர் மெதுவான குரலில் பேசுவார். குடித்துவிட்டுப் போன என் மச்சானை அங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள். மூன்று மாதத்தில் குடி நின்றது. சபையை நான் எவ்வளவு திட்டினாலும் இதை மட்டும் மறைக்க மாட்டேன்.

அண்ணன் பின்னால் செல்லக்கிளியும் போனாள். அவளுக்கு நல்ல குரல். ஒரு வருடத்தில் பாட்டை எடுத்துக் கொடுப்பதே அவள்தான் என்று ஆகிவிட்டது. நான் போனதில்லை. 'ஞாயிற்றுக்கிழமை டூட்டி' என்பது சாமியாகப் பார்த்து எனக்குக் கொடுத்த சாக்கு.

அந்தச் சபையில் யாரையும் விலக்கிவைக்கிறோம் என்று சொல்ல மாட்டார்கள். 'ஓய்வு' என்பார்கள். தொடர்ந்து வராதவர்கள், வந்தும் சந்தேகம் கேட்கிறவர்கள், ஓய்வில் இருப்பவர் வீட்டில் கை நனைத்தவர்கள், இவர்களுடைய பெயரை ஞாயிற்றுக்கிழமை வாசித்து, "இன்னாருக்கு ஓய்வு" என்று சொன்னால் தீர்ந்தது. அதற்குப் பிறகு சபையில் இருக்கிற அண்ணன் தம்பியே ஆனாலும் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கக்கூடாது. நல்லது கெட்டதுக்கு நிற்கக்கூடாது. அவசியத்துக்கு மட்டும் பேசலாம். மூத்தவர் இதைக் கோபமாகச் சொல்ல மாட்டார், கண் கலங்கித்தான் சொல்வார். கோபப்படுகிறவனிடம் எதிர்த்துப் பேசிவிடலாம், உனக்காக வருத்தப்படுகிறேன் என்று நிற்கிறவனிடம் என்ன பேசுவது?

2014இல் அழகம்மாள் என்று ஒரு பெண்ணுக்கு ஓய்வு கொடுத்தார்கள். ஓய்வில் இருந்த மாமியாரின் கருமாதிக்குப் போனவள் அங்கே சாப்பிட்டுவிட்டாளாம். சபையில் கேள்வி கேட்பதற்கு ஒரு முறை இருந்தது: சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும், மூத்தவர் விரும்பியதை எடுத்துப் பதில் சொல்வார். என் மனைவி சீட்டும் எழுதவில்லை, பெட்டியையும் தேடவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"பசிச்ச வயித்துக்கு ஒரு வாய் சோறு தின்னதுக்கா ஓய்வு? செத்தது அவ மாமியா இல்லையா?"

பக்கத்தில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்களாம். அடுத்த வாரம் அவள் போகவில்லை, அதற்கடுத்த வாரமும் போகவில்லை. நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன்.

மூன்று வாரம் வராவிட்டால் வீட்டுக்கு நலம் விசாரிக்க ஆள் வரும். அதில்தான் அந்தச் சபையின் சாமர்த்தியம் இருந்தது. வருகிற இரண்டு பேரில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும். நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதும் அந்த உறவுக்காரர்தான். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலையில் முத்திருளன், கூடப்பிறந்த தங்கச்சி வீட்டுக்கு, கையில் நோட்டோடு வந்தார். கூட வந்தவர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செல்லக்கிளி காபி கொண்டுவந்து வைத்தாள். அண்ணன் எடுக்கவில்லை.

"வீட்டுல வெளக்கு வக்கிறியா?"

"இல்லண்ணே."

"எம்புட்டு நாளா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னண்ணே, ஸ்கூல் இன்ஸ்பெக்டர் மாதிரி கேக்குற? காபிய குடி முதல்ல."

கூட வந்தவர் செருப்புப் போட வாசலுக்குப் போனதும் அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "உன்கிட்ட சொல்றதுக்கென்ன. அங்கன உக்காந்தா எனக்கு மூச்சு முட்டுதுண்ணே. அந்த வெளக்கு எனக்கு ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. சும்மா நடிக்கிற மாதிரி இருக்கு."

அண்ணனிடம் தங்கச்சி சொன்ன வார்த்தை அது. என் மச்சான் அதையும் எழுதினார். அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பொய் எழுதக்கூடாது, உள்ளதை எழுதினால்தான் அவளைக் காப்பாற்றுவார்கள் என்று நம்பி எழுதினார். எரிந்த மோட்டாரில் எந்தச் சுற்று போயிருக்கிறது என்று மறைக்காமல் சொன்னால்தானே சரிபண்ண முடியும் என்று தொழில்காரர் புத்தியில் யோசித்திருக்கிறார். அடுத்த ஞாயிறு அத்தனை பேர் முன்னாலும் அதை வாசித்தார்கள். 'அந்த விளக்கு எனக்கு ஒன்றும் சொல்வதில்லை, நடிக்கிற மாதிரி இருக்கிறது.' பிறகு, செல்லக்கிளிக்கு ஓய்வு.

கேள்விப்பட்டதும் அவள் அழவில்லை. "வாசிச்சது அவங்க, சரி. எழுதுனது எங்கண்ணன்ல" என்றாள்.

மறு வருடம் எங்கள் மகள் அஸ்வினிக்கு மூன்று வயதில் காது குத்து வைத்தோம். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் பிள்ளைக்கு மொட்டையும் கிடையாது, காது குத்தும் கிடையாது. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க நானும் அவளும் பசுமலை வீட்டுக்குப் போனோம். மச்சான் தட்டைக் கையில் வாங்கவில்லை. பெஞ்சில் வைக்கச் சொன்னார். அவர் மனைவி மாயக்காள் உள்ளே இருந்து வரவே இல்லை. மச்சான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கோயிலில் விசேஷம். பத்தரை வரைக்கும் நல்ல நேரம். பத்து இருபது வரைக்கும் செல்லக்கிளி பாதையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார், நான் அவளைப் பார்க்கிறேன். கடைசியில் அவளுடைய சித்தப்பா மகன் மொக்கையன் முன்னுக்கு வந்தான். "நானும் மாமன்தானே, குடுங்க பிள்ளைய" என்று மடியில் வாங்கிக்கொண்டான். பிள்ளை கத்தியது. அதோடு சேர்த்து இவளும் அழுதுகொண்டாள். அன்றைக்கு எனக்குள் ஏறிய கோபம் லேசில் இறங்குகிற கோபம் இல்லை.

ஒவ்வொரு பொங்கலுக்கும் பிறந்த வீட்டுச் சீர் வராமல் போகும். "சீரு கெடக்குது கழுத. உசுரோட இருக்கியான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா போதும்" என்பாள். நான் எதுவும் சொல்ல மாட்டேன். சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. அவர் கேட்டிருந்தார்.

2017இல் ஒருநாள் தெரியாத நம்பரிலிருந்து எனக்குப் போன் வந்தது. பெரியார் பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்றுகொண்டிருந்தது.

"மாப்ள, நான்தான். பாப்பா ஸ்கூலுக்குப் போகுதா? செல்லக்கிளி நல்லாருக்கா? அவகிட்டச் சொல்லிக்க வேணாம்."

"எதுக்குக் கேக்குறீங்க மச்சான்? நோட்டுல எழுதவா?" என்று கேட்டுவிட்டுக் கட் பண்ணினேன். அன்றைக்கு முழுக்க எனக்கு ஏதோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

கொரோனாவின் இரண்டாவது அலையில் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தேன். எப்படியோ கேள்விப்பட்டு மறுபடியும் கூப்பிட்டார். "மூச்சு நல்லா விடுறியா மாப்ள? அவளுக்கு ஒண்ணும் இல்லையே?" என்றார். "நாங்க செத்தாலும் உங்களுக்குத் தாக்கல் வராது. பயப்படாம வெளக்கு வைங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்து அறையில்தான் செல்லக்கிளி கஷாயம் போட்டுக்கொண்டிருந்தாள். போனில் யார் என்றாள். டிப்போவிலிருந்து என்றேன்.

சொன்னால் இளகிவிடுவாள், இளகினால் மறுபடியும் அடி வாங்குவாள், அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதி, அவரைத் தண்டிக்கிற அதிகாரம் என் கையில் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது.

அங்கே என்ன நடந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். மச்சானின் மகன் அருள்பாண்டி காலேஜ் போனதும் சபைக்குப் போவதை நிறுத்திவிட்டான். மூன்று வாரம் கழிந்தது. நலம் விசாரிக்க ரத்த உறவு வேண்டும். அப்பனிடமே நோட்டைக் கொடுத்தார்கள். சொந்த வீட்டில், சொந்த மகன் முன்னால், என் மச்சான் நோட்டைத் திறந்து உட்கார்ந்தார்.

"அத்தைக்கு எழுதுனத அப்புடியே எழுதுங்கப்பா. பேர மட்டும் மாத்திக்கங்க" என்றானாம் மகன்.

அவர் ஒன்றும் எழுதாமல் நோட்டை மூடிக் கொண்டுபோய்ச் சபையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அடுத்த மாதமே அவருக்கும் ஓய்வு. சபைக்காரர்களுடைய மோட்டார்கள் வேறு கடைக்குப் போயின. மகன் ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் மாயக்காள் மட்டும் இன்னமும் சபையில் இருக்கிறாள். மூன்று வேளையும் பொங்கிப் போடுகிறாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அவர் சாப்பிட்டு எழுந்த பிறகு தனியாகச் சாப்பிடுவாள். "தண்ணி வருது", "கேஸ் தீந்துருச்சு", இப்படித்தான் பேச்சு. அவள் கெட்டவள் இல்லை. புருஷன் திருந்தி வரவேண்டும் என்று தினமும் விளக்கு முன்னால் அழுகிறாள். இவர் தங்கச்சிக்குச் செய்ததைத்தான் அவள் இவருக்குச் செய்கிறாள், அதே அன்போடு.

அப்போதே எங்கள் வீட்டுக்கு வந்திருக்கலாம். ஒன்றரை வருடம் வரவில்லை. எந்த முகத்தோடு வருவது என்று இருந்திருக்கிறார்.

போன வருடம் அஸ்வினி வயதுக்கு வந்தாள். முதல் தாக்கல் தாய்மாமனுக்குத்தான் போகவேண்டும். செல்லக்கிளி மொக்கையனுக்குச் சொல்லிவிட்டாள். அவன் தென்னங்கீற்றோடு வந்து குடிசை கட்டினான். மூன்றாம் நாள் மத்தியானம் வாசலில் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. முத்திருளன். தலை முழுக்க நரைத்திருந்தது. வேட்டி சட்டையில் வந்திருந்தார், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"வாங்க. உக்காருங்க" என்றாள் செல்லக்கிளி.

அந்த 'வாங்க'வைக் கேட்டு எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. காபி கொடுத்தாள். சுடச்சுட ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வெறும் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"பாப்பா விஷயம் கடை வீதியில கேள்விப்பட்டேன் ஆத்தா."

"ஆமா. மொக்கையண்ணே குடிசை கட்டிட்டாரு. ஞாயித்துக்கெழம தண்ணி ஊத்துறோம். நீங்களும் வாங்க."

எதிர்வீட்டுக்காரர்களிடமும் அவள் இதே குரலில்தான் சொல்லியிருந்தாள். அதில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை.

"எனக்கும் ஓய்வு குடுத்துட்டாங்க. ஒன்றரை வருஷமாச்சு" என்றார்.

"அப்புடியா" என்று சொல்லி டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் வாழைப்பழத்தை நாற்காலி மேல் வைத்தார். பிறகு, "வாரேன் மாப்ள" என்று எழுந்து போனார். நானும் தெருமுனை வரைக்கும்கூடப் போகவில்லை.

திரும்பி உள்ளே வந்தால் அவள் கழுவிய டம்ளரையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு ஓய்வு குடுத்தப்புறம்தான் தங்கச்சி நெனப்பு வருது. இம்புட்டு வருஷத்துல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, எப்புடி இருக்கன்னு கேட்டிருப்பாரா?"

இந்தத் தடவையும் விட்டுவிட்டால் ஆயுசுக்கும் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது. சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் வந்த போன், காய்ச்சலில் வந்த போன், நான் பேசிய பேச்சு, டிப்போ என்று சொன்ன பொய், எல்லாவற்றையும்.

அவள் குழாயை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு ஆரம்பித்தாள். இருபது வருடத்தில் அப்படி ஒரு திட்டை நான் வாங்கியதில்லை. அவள் அண்ணனை, என்னை, சபையை, எங்கள் இரண்டு பேரையும் பெற்றவர்களை, ஒருவரையும் விடவில்லை. குடிசைக்குள் இருந்து அஸ்வினி எட்டிப் பார்த்தாள். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"அவரு எழுதிக் குடுத்தாரு. நீங்க எழுதாம வச்சிருந்தீங்க. அம்புட்டுத்தான் வித்தியாசம். ரெண்டு பேருமே எனக்கு நல்லது பண்றதா நெனச்சுத்தான் பண்ணுனீங்க. என்னைய ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

சபைக்காரர்களை ஒன்பது வருடமாக நக்கலடித்தவனுக்கு, தன் வீட்டிலேயே ஒரு சபை நடத்தியிருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

"போயிக் கூட்டியாங்க அந்தாள. நீங்களே போங்க" என்றாள்.

பசுமலைக் கடையில் அவர் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். போன் விஷயத்தை நான் மறைத்ததைச் சொன்னேன்.

"நான்தான மாப்ள சொல்ல வேணாம்னேன். உன் மேல என்ன தப்பு?" என்றார். பிறகு, நான் கேட்காமலேயே சொன்னார். "காது குத்து அன்னைக்கு உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன் மாப்ள. பிள்ளைக்குத் துணிமணி பூராம் கையில இருந்துச்சு. சபைக்காரங்க ஒருத்தரும் அங்க இல்ல. யாரும் என்னையப் பார்க்கல. நானாத்தான் திரும்பிட்டேன். யாரு மேல பழி போட?"

"செல்லக்கிளி உங்களக் கூட்டியாரச் சொன்னா" என்றேன்.

"திட்டுனாளா?"

"திட்டுனா."

"என்னையுமா?"

"உங்களத்தான் முதல்ல. அந்தாளுன்னு சொன்னா. காதுல கேக்க முடியல."

அவர் முகம் கோணியது. அழப்போகிறாரா சிரிக்கப்போகிறாரா என்று தெரியவில்லை. "ஒன்றரை வருஷமா என்னைய ஒருத்தரும் திட்டல மாப்ள. இரு, சட்டைய மாத்திக்கிட்டு வாரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விசேஷத்துக்குக் காலையிலேயே வந்துவிட்டார். மாமன் சீர் மொக்கையனுடையதுதான். ஒன்பது வருடம் கூட நின்றவனை ஒரு நாளில் தள்ளிவைக்க முடியுமா? மச்சானும் அதையேதான் சொன்னார். மொக்கையன் மாலை போட்டான், இவர் பந்தலுக்குச் சேர் எடுத்துப் போட்டார், மைக் செட்டில் வயர் விட்டுப்போனதைச் சரிபண்ணினார். செல்லக்கிளி இரண்டு தடவை அவரைச் சத்தம் போட்டாள், சாப்பிடாமல் சுற்றுகிறார் என்று. அவர் தலையை ஆட்டிக்கொண்டு மறுபடியும் வேலை பார்க்கப் போனார்.

பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்த அஸ்வினி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அப்பா, அவங்கதான் அம்மாவோட சொந்த அண்ணனா? நான் எப்புடிக் கூப்புடணும்?" என்று காதோடு கேட்டாள்.

"மாமான்னு கூப்புடு."

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, சத்தமாகவே, "மாமா!" என்றாள்.

பந்தலில் நாலைந்து பேர் திரும்பினார்கள். மொக்கையன் என்னம்மா என்று கேட்டுக்கொண்டு எழுந்தே வந்துவிட்டான். முத்திருளன் மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சேர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.